ஆம்னி வேன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: டப்பா ஒரிஜினல், உள்ளே இருந்த ஆயில் ஃபில்டர் டூப்ளிகேட்

பழைய மாருதி ஆம்னியை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அடுத்த ஆயில் சர்வீஸுக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுடையது 2006 மாடல், பெட்ரோல், 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். விடிகாலையில் இட்லி மாவு ஏற்றிக்கொண்டு திருச்சியில் கடை கடையாக நின்று போகிற வண்டி என்பதால் ஆயில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்தான்.

இந்த முறை வழக்கமான ஸ்பேர் பார்ட்ஸ் கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருக் கடையில் பார்ட் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்து, ஒரிஜினல்தான் வேண்டும் என்று சொல்லித்தான் ஃபில்டர் கேட்டேன். கம்பெனி டப்பா, கம்பெனி விலை, எல்லாம் சரியாக இருந்தது. பில் கேட்டால் மட்டும் "சிஸ்டம் ரிப்பேர் சார்" என்று ஒரு துண்டுச்சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். கடைப் பெயர்கூட அதில் இல்லை.

அதை மாட்டிய பிறகு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் லைட் அணைய வழக்கத்தைவிட நேரமாக ஆரம்பித்தது, கூடவே மேலே கடகடவென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும், பகலில் எந்தத் தொந்தரவும் கிடையாது. சர்வீஸ் செய்தவரிடம் கேட்டால் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் வண்டி நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கிடந்ததும் வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றினார், கையில் எடுத்ததுமே எடை குறைவு என்றார், என் கண் முன்னாலேயே ஹாக்ஸா பிளேடு போட்டு அறுத்தும் காட்டினார்.

உள்ளே காகித மடிப்புகள் ஏனோதானோவென்று இருந்தன, ஒரு ஓரத்தில் பசை விட்டு இடைவெளி தெரிந்தது. அதாவது ஆயில் காகிதத்தைத் தொடாமலே அந்த வழியாக நழுவி இன்ஜினுக்குப் போயிருக்கிறது. அதைவிட மோசம், உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வால்வே இல்லை. இன்ஜினை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கிற ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்கு, வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அந்த ரப்பர்தான். அது இல்லையென்றால் ராத்திரி முழுக்க வடிந்துபோகும், காலையில் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் பேரிங்குக்கும் மேலே ஹெட்டுக்கும் ஆயில் வரும். அந்தக் கடகட சத்தம் அதனால்தான் என்று மெக்கானிக் சொன்னார்.

இன்னொரு விஷயமும் அவர் சொல்லித்தான் தெரியும். ஃபில்டருக்குள் பைபாஸ் வால்வு என்று ஒரு ஸ்பிரிங் சமாச்சாரம் உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, இன்ஜின் ஆயிலே இல்லாமல் தவிப்பதற்கு வடிகட்டாத ஆயிலாவது போகட்டும் என்று அது திறந்துவிடும். எந்த பிரஷரில் திறக்க வேண்டும் என்பதை அந்தந்த இன்ஜினைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் வைக்கிறான். ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தால் அது எப்போதும் திறந்தே கிடக்கும், ஃபில்டர் இருந்தும் பிரயோசனமில்லை. ரொம்ப விறைப்பாக இருந்தால், அடைத்துக்கொள்ளும்போது ஆயில் வரத்தே குறைந்துபோகும். வெளியே சைஸும் மரையும் ஒன்றாக இருக்கிற ஃபில்டர்களில் இது வேறு வேறாக இருக்கலாம், ஆகவே "எல்லாம் ஒண்ணுதான் சார், நல்லா ஏறுது பாருங்க" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

மரையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 20 மி.மீ. மரை, 3/4 இன்ச் மரை என்று இரண்டு வகை பரவலாகப் புழங்குகிறது. 3/4 இன்ச் என்பது 19.05 மி.மீ., வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 20 மி.மீ. ஃபில்டரை இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கிற 3/4 இன்ச் ஸ்டட்டில் (ஃபில்டர் ஏறுகிற மரைத் தண்டு) வைத்தால் ஆட்டத்தோடு ஏறிவிடும், கடைசியில் வாஷர் பிடிப்பதால் இறுகிவிட்டது போலவே இருக்கும், அப்புறம் ரோட்டில் போகும்போது ஆயில் பிரஷரில் மொத்தமாகக் கழன்று விழுந்தாலும் விழும். ஏற்றும்போது லேசாக ஆடினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறுத்த ஃபில்டரைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "இது நாங்க கொடுத்ததே இல்ல" என்றார் முதலாளி. டப்பாவையும் அவர் கையெழுத்தில் இருந்த துண்டுச்சீட்டையும் காட்டினதும் பேச்சு மாறியது. "ஏன் சார், வண்டியே அம்பதாயிரத்துக்குப் போகாது, அதுக்கு இது போதாதா?" போதும் என்று முடிவு செய்ய இவர் யார்? அப்படி நினைக்கிறவர் விலையையும் அதற்குத் தகுந்தபடி வாங்கியிருக்க வேண்டாமா! 1984-இல் வந்து 2019 வரை தயாரான வண்டி, இன்னும் எத்தனையோ பேருக்குப் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. இவர்களுக்கு நன்றாக வியாபாரம் ஆவதும் அதனால்தான்.

வாங்கும்போது டப்பாவைப் பார்த்து ஏமாறாமல் ஃபில்டரை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றுக்கு அடியில் ரப்பர் தெரிய வேண்டும். ஒரு தீக்குச்சியால் மெல்லத் தொட்டால் அமுங்கிக் கொடுக்கும். லேபிளில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி. எல்லாம் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிற நம்பரும் ஃபில்டர் உடம்பில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் உடம்பில் நம்பரே இல்லை, ஸ்டிக்கர் மட்டும்தான். மாட்டும்போது பழைய வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஒரிஜினல் ஃபில்டரே ஒழுகும்.

பணம் திரும்ப வரவில்லை. வேறு ஃபில்டர் தருகிறேன் என்றார், அதே அலமாரியிலிருந்து. வேண்டாம் என்று வந்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், துண்டுச்சீட்டு, டப்பா, அறுத்த ஃபில்டர் மூன்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். இப்போது நல்ல ஃபில்டரும் புது ஆயிலும் போட்ட பிறகு காலைச் சத்தம் நின்றுவிட்டது, சொட்டுவதும் இல்லை. பேரிங்கில் தேய்மானம் ஏதாவது ஆகியிருக்கிறதா என்பது இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார் மெக்கானிக்.