வெள்ளவத்தை கூட்டெழுத்து வகுப்பு: எழுத வருகிறது, வாசிக்க?

புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காணியின் உரித்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், நூறாண்டு பழைய உறுதிகள் (காணிப் பத்திரங்கள்) பல, எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் சாய்வான ஆங்கிலக் கூட்டெழுத்தில் (cursive) வரும். எங்களிடம் வரும் இளம் பயிலுநர்கள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் பெரிய ‘ஐ’யையும் ‘ஜே’யையும் பிரித்தறிய முடியாமல் நின்றுவிடுகிறார்கள். எல்லைக் குறிப்பில் இருக்கும் ஒரு பெயர் மாறினால் விளைவு சிறியதல்ல. தரம் 7இல் படிக்கும் மகளை வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் நடக்கும் இந்த ஆங்கிலக் கூட்டெழுத்து வகுப்பில் சேர்த்தது அதனால்தான்.

கற்பிக்கும் முறை அருமை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை அகரவரிசையைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஒரே கையசைவில் பிறக்கும் ‘சி’ (c), ‘ஏ’ (a), ‘டி’ (d), ‘ஜி’ (g) ஆகிய சிறிய எழுத்துகளை ஒன்றாகத் தருகிறார். மேலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவும் ‘பி’ (b), ‘ஓ’ (o), ‘வி’ (v), ‘டபிள்யூ’ (w) கடைசியில்தான் வருகின்றன. பிள்ளைகள் இடறுவது அந்த இணைப்புகளில்தான். அவற்றுக்கென்றே நான்குகோட்டுக் கொப்பியில் பக்கம் பக்கமாகப் பயிற்சி உண்டு. பேனையை இறுக்கிப் பிடிக்கும் விரல்களை அவரே வந்து தளர்த்திவிடுகிறார். மகளின் எழுத்து இப்போது கோட்டில் நிற்கிறது.

துண்டுப்பிரசுரத்தில் ‘கூட்டெழுத்து மூளையைக் கூர்மையாக்கும்’ என்று போட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. நோர்வேயில் 36 மாணவர்களிடம் செய்து 2024இல் வெளியான மூளை ஆய்வு, கையால் எழுதுவதைத் தட்டச்சோடுதான் ஒப்பிட்டது. கூட்டெழுத்தைத் தனித்தனி எழுத்தோடு ஒப்பிடவில்லை. க.பொ.த. பரீட்சை விடைத்தாளைப் பிள்ளைகள் இன்னும் கையால்தான் எழுதுகிறார்கள். அங்கே தெளிவாக எழுதினால் போதும், எழுத்துகள் இணைந்திருக்க வேண்டியதில்லை.

பெரிய குறை வேறு. பிறர் எழுதியதை வாசிக்கும் பயிற்சி ஒரு நிமிடம்கூட இல்லை. அச்சடித்த அழகான மாதிரியைப் பார்த்து எழுதுவதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. உண்மையான பழைய கையெழுத்து அப்படி ஒழுங்காக இருக்காது. மை ஊறியிருக்கும், சொற்கள் சுருங்கியிருக்கும், எழுதுபவருக்கு எழுதுபவர் வளைவு மாறும். கைப்பேசித் தலைமுறைக்குக் கூட்டெழுத்து தேவைப்படுவது முக்கியமாக இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். தாத்தாவின் கடிதத்தையும் காணி உறுதியையும் வாசிக்க இன்னொருவரை ஏன் தேட வேண்டும்?

மாதம் 3,000 ரூபாய் கட்டணம் நியாயமானது. சின்னஞ்சிறு பிள்ளைகளை அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். தனி எழுத்து முதலில் கையில் படியட்டும். கடைசி அரை மணித்தியாலத்தை வாசிப்புக்கு ஒதுக்கும்படி ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்துப் பழைய உறுதிகளின் பிரதிகளைத் தருவதாகவும் சொன்னேன். அடுத்த தவணைக்கும் மகளின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.