கையேடு மேலே, கடற்கரைக் குறிப்பு கீழே: டோக்குவிக்கியுடன் நான்கு வருடம்

குளச்சலில் எங்கள் அவுட்போர்டு எஞ்சின் (வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின்) பட்டறையில் நான்கு வருடமாக டோக்குவிக்கி ஓடுகிறது. பலர் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவும் விக்கி மென்பொருள் அது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. டேட்டாபேஸ் தேவையில்லாததால் பழைய லேப்டாப்பே போதும். கம்பெனி சர்வீஸ் கையேட்டை மாடல்வாரியாகப் பிரித்து ஏற்றினேன். கூடவே, சுற்றுவட்டார மெக்கானிக்குகளையும் எழுத விட்டேன்.

முதல் வருடம் இரண்டையும் ஒன்றாகக் கலந்ததுதான் தப்பு. ஒரு எஞ்சினுக்குப் பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்று கையேடு சொல்கிறது. யாரோ அந்த 50ஐ 25 என்று மாற்றிவிட்டார். புது எஞ்சினைப் பழக்கும் ஆரம்ப நேரத்துக்கு அதுவும் சரியான அளவுதான்; ஆனால் ‘புது எஞ்சினுக்கு மட்டும்’ என்ற வார்த்தை பக்கத்தில் ஏறவில்லை. அதை நம்பிக் கலந்த வள்ளம் புகை கக்கிக்கொண்டு திரும்பியது, ஸ்பார்க் பிளக் முழுக்கக் கரி. விக்கி பழைய பதிப்புகளைச் சேர்த்து வைத்திருந்ததால் மாற்றம் நடந்த நாளையாவது கண்டுபிடிக்க முடிந்தது.

அப்புறம் பிஎச்பி என்ற கணினி மொழியின் இணையக் கையேட்டு முறையைப் பின்பற்றினேன். அங்கே மேலே முறையான விளக்கம் இருக்கும், அடியில் பயன்படுத்துகிறவர்களின் குறிப்புகள் வரும். அதேபோல் கையேட்டுப் பக்கங்களைப் பூட்டிவிட்டு, குறிப்புகளைத் தனிப் பக்கத்தில் எழுத வைத்து, ஒரு பக்கத்தை இன்னொன்றுக்குள் காட்டும் இன்க்ளூட் பிளகின் என்ற துணை நிரலால் கீழே காட்டுகிறேன். மாடலும் தேதியும் எழுதியவர் பெயரும் இல்லாத குறிப்பை ஏற்றுவதில்லை.

அதற்குப் பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. உப்புநீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லிக் கையேடு முடித்துக்கொள்கிறது. நம் ஊரில் வள்ளம் மணலில் ஏறி நிற்கும். அந்த வரிக்குக் கீழே ஒரு அண்ணன் எழுதினார்: “தண்ணி இழுக்கிற ஓட்டையில மணல் இருக்கான்னு முதல்ல பாருங்க, அப்புறம் கழுவுங்க.” என் பார்வையில் அந்தப் பக்கத்திலேயே அதிகம் உதவும் வரி அதுதான்.

தமிழில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ‘பிளக்’ என்று தேடினால் ‘பிளக்கை’, ‘பிளக்கில்’ சிக்காது. தேடும் வார்த்தையின் கடைசியில் நட்சத்திரக் குறி (*) போட வேண்டும். தமிழ்ப் பக்கப் பெயர்கள் கோப்புப் பெயராகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக நீள்வதால் பெரிய பெயர்கள் சேமிக்கும்போதே மறுக்கப்படும். அமைப்பில் கோப்புப் பெயர் முறையை, தமிழ் எழுத்தை அப்படியே வைக்கும் யூடிஎஃப்-8 என மாற்றினால் சரியாகிவிடும். பக்கங்கள் சேரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

எல்லோரும் டைப் செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக்கு கிடையாது. அன்றைக்கு அவர்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டு நானே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.