சோற்றுக்குப் பதில் காலிஃப்ளவரா, முட்டைகோஸா? தண்ணீரைக் கேளுங்கள்

மாவுச்சத்தைக் குறைக்கும் வீட்டில் காலைக்கு முட்டை, ராத்திரிக்கு மீன் வறுவல் என்று எப்படியோ ஓடிவிடும். இடிப்பது மதியம்தான். குழம்பு வைத்தாயிற்று, பொரியல் ஆயிற்று. குழம்பை எதன் மேல் ஊற்றுவது?

நம் வீடுகளில் இதற்கு மூன்று பதில்கள் புழங்குகின்றன. துருவிய காலிஃப்ளவர், பொடியாக அரிந்த முட்டைகோஸ், கொன்ஜாக் என்ற கிழங்கின் மாவில் அரிசி வடிவில் செய்து பாக்கெட்டில் வரும் கொன்ஜாக் அரிசி. நான்காவதாகச் சிறுதானியத்தைச் சொல்பவர்களும் உண்டு. தினை, சாமை, வரகு எதுவானாலும் 100 கிராம் தானியத்தில் சுமார் 60 கிராமோ அதற்கு மேலோ மாவுச்சத்துதான். நார் கூடுதல், சத்து கூடுதல், எல்லாம் சரி. லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைக்கும் கணக்கில் அது அரிசிக்குப் பங்காளி. அதை இந்தப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம்.

என் கட்சி காலிஃப்ளவர். மதியச் சாப்பாட்டுக்கு அதுதான். முட்டைகோஸுக்கு வேறொரு வேளை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மாவுச்சத்து அளவை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. காலிஃப்ளவரில் 5, அதில் 2 நார். முட்டைகோஸில் 6-க்குச் சற்றுக் குறைவு, அதில் இரண்டரை நார். ஜீரணமாகாத நாரைக் கழித்தால் இரண்டும் ஏறக்குறைய மூன்று கிராமில் வந்து நிற்கும். விலையில் முட்டைகோஸ் பெரும்பாலும் முந்தும். காலிஃப்ளவர் குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும், கோடையில் விலை ஏறி, பூவும் மஞ்சளடித்து வரும். முழு முட்டைகோஸ் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். காலிஃப்ளவரில் நாலைந்து நாளிலேயே கரும்புள்ளி விழ ஆரம்பிக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் முட்டைகோஸ் ஜெயிக்க வேண்டும். ஆனால் தட்டில் தோற்றுவிடுகிறது. இரண்டும் நூற்றுக்குத் 92 பங்கு தண்ணீர்தான் என்றாலும், அந்தத் தண்ணீர் எப்போது, எப்படி வெளியே வருகிறது என்பதில் இரண்டும் வேறு வேறு.

காலிஃப்ளவர் பூவைத் துருவினால் உதிரி உதிரியாக, அரிசி நொய் போல விழும். ஒவ்வொரு மணியும் தனித்து நிற்பதால் சூட்டில் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது. முட்டைகோஸ் இலை இலையாக இருப்பதால் எவ்வளவு பொடியாக அரிந்தாலும் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் சிக்கிய ஆவி அங்கேயே தண்ணீராக இறங்கும். அதன் மேல் குழம்பை ஊற்றினால் குழம்பு விட்ட பொரியல் மாதிரி இருக்கும், சோறு சாப்பிட்ட நினைப்பே வராது. போதாததற்கு முட்டைகோஸுக்கு ஒரு இனிப்பு உண்டு. காரக்குழம்போடு சேரும்போது அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

சரி, காலிஃப்ளவர் சோறு செய்து பார்த்தோம், கொழகொழவென்று கூழாகிவிட்டது என்று கைவிட்டவர்கள் ஏராளம். தப்பு பெரும்பாலும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

புழுவுக்குப் பயந்து, பூவைப் பிரித்து மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் முக்கி வைப்பது நம் பழக்கம். கோபி மஞ்சூரியனுக்கோ குருமாவுக்கோ அது சரி. சோற்றுக்கு அதுதான் எமன். கொதிநீரில் பூவின் செல்கள் தளர்ந்து பாதி வெந்துவிடும், பூவின் இடுக்குகளில் தண்ணீரும் ஏறிக்கொள்ளும். அதைத் துருவினால் மணியாக விழாது, களியாகத்தான் வரும். செய்ய வேண்டியது இது. இலையை மட்டும் கழித்துவிட்டு, பூவைப் பிரிக்காமல் முழுசாகத் தலைகீழாக உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். இரண்டு லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கல் உப்பு போதும். புழு இருந்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். எடுத்து நன்றாக உதறி, தலைகீழாகவே துணி மேல் வைத்து ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரித்த பிறகு ஒவ்வொரு பூவாகப் பார்த்துக்கொண்டால் மிச்சம் மீதி இருப்பதும் கண்ணில் படும். முந்தின ராத்திரியே இதைச் செய்து, துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. ஈரம் எவ்வளவு குறைவோ, மறுநாள் அவ்வளவு உதிரி.

துருவுவதற்குக் காய்த் துருவியின் பெரிய கண் போதும். இரண்டு பேருக்கு 500 கிராம் பூ என்றால் பத்து நிமிட வேலை. மிக்ஸியில் செய்வதானால் ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது. குமிழை இடப்பக்கம் திருப்பிப் பிடித்து ஒரு விநாடி, விட்டு, மறுபடி ஒரு விநாடி, இப்படி மூன்று நான்கு தடவைதான். ஜாரை நிரப்பினால் அடியில் சட்னி, மேலே முழுப் பூ. தண்டைத் தூக்கிப் போட வேண்டாம். அது கடினம் என்பதால் தனியாகத் துருவி, அடுப்பில் ஒரு நிமிடம் முன்னதாகப் போட்டால் எல்லாம் ஒரே பதத்தில் வரும்.

அடுத்தது சட்டி. குக்கர் வேண்டவே வேண்டாம். இட்லிப் பானையில் அவிப்பதும் சரிவராது, மூடியில் சேரும் ஆவி திரும்பச் சொட்டும். அகலமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டு, துருவலை ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். ஒரு தடவைக்கு 250 கிராம்தான் கணக்கு. அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டினால் வாணலியின் சூடு சட்டென்று இறங்கி, காய் தன் தண்ணீரிலேயே வேக ஆரம்பித்துவிடும். தீ பெரிதாக இருக்கட்டும், மூடி போடாதீர்கள். ஓயாமல் கிளறவும் கூடாது. அரை நிமிடம் சும்மா விட்டு ஒரு புரட்டு, மறுபடி அரை நிமிடம். நாலைந்து நிமிடத்தில் அங்கங்கே லேசாகச் சிவந்து, பச்சை வாடை போயிருக்கும். உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால் உப்பு காயின் நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும்.

இறக்கியதும் பாத்திரத்தில் குவித்து மூடாமல், புளியோதரைக்குச் சோறு ஆற்றுவது போலத் தாம்பாளத்தில் பரப்புங்கள். மூன்று நிமிடம் ஆவி போகட்டும். இதைச் செய்யாமல் ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

இவ்வளவு செய்தாலும் இது அரிசி அல்ல. சோறு குழம்பை உறிஞ்சும், காலிஃப்ளவர் உறிஞ்சாது. அதனால் குழம்பைத்தான் மாற்ற வேண்டும். தண்ணியான ரசமும் சாம்பாரும் தட்டின் அடியில் குளமாகத் தேங்கும். ரசத்தை டம்ளரில் குடித்துவிடுவது உத்தமம். சாம்பாரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், நார் போக ஆளுக்குச் சுமார் 12 கிராம் மாவுச்சத்து. 200 கிராம் காலிஃப்ளவரில் இருப்பதே 6 கிராம்தான். சோற்றைத் துரத்திவிட்டுப் பருப்பில் கோட்டை விட்ட கதை. புளியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 25 கிராம் புளியில் சர்க்கரையும் சேர்த்து 15 கிராம் கார்ப் இருக்கும், நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4-க்குள் வந்துவிடும். குழம்பில் கடைசியாகக் கிள்ளிப் போடும் வெல்லத்தை மட்டும் நிறுத்தினால் போதும்.

நன்றாகப் பொருந்துபவை எண்ணெய் பிரியச் சுண்டிய வத்தக்குழம்பு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, திக்கான கறிக்குழம்பு. எல்லாவற்றையும் விட மோர்க்குழம்பு. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமாகத் துவரம்பருப்பும் அரிசியும் ஊறவைத்து அரைப்போம். அந்த மாவுச்சத்துதான் தயிர் திரியாமல் பிடித்து வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கொஞ்சம் சூடு கூடினாலும் தயிர் திரிதிரியாகிவிடும். ஆகவே அரை மூடித் தேங்காய், 4 பச்சை மிளகாய், ஒரு டீஸ்பூன் சீரகம், சிறு துண்டு இஞ்சி எல்லாவற்றையும் நைசாக அரைத்து, மஞ்சள்தூளும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு முதலில் 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். அப்புறம் தீயைச் சிறிதாக்கி, புளிக்காத கெட்டித் தயிர் 400 மில்லியைக் கடைந்து ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற தயிர் ஆகாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட்டு, அதன் பிறகு உப்பும் தாளிப்பும். மறுபடி சூடு பண்ணுவதானால் கொதிக்க விடாதீர்கள்.

கலந்த சாத வகைகளில் தேங்காய், எலுமிச்சை, புதினா மூன்றும் நன்றாக வரும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள். கடலைப்பருப்பைத் தாராளமாகப் போடாமல் வேர்க்கடலையில் நிறுத்துங்கள். தயிர் சாதம் அருமையாக இருக்கும், ஆனால் அதற்கு ஆயுள் அரை மணி நேரம்தான். உப்பும் தயிரும் சேர்ந்ததும் காய் நீர் விட ஆரம்பிக்கும். ஆபீஸுக்குக் கொண்டுபோவதானால் ஆறிய துருவல் ஒரு டப்பா, தாளித்த கெட்டித் தயிர் ஒரு டப்பா, சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம். பிரியாணி ஆசைப்படுபவர்கள் தம் போடும் எண்ணத்தை விடுங்கள். கறியும் மசாலாவும் தண்ணீர் வற்றித் தொக்காக வந்த பிறகு, தனியாக வறுத்த துருவலைச் சேர்த்து இரண்டே நிமிடம் புரட்டி எடுத்தால் போதும்.

‘ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது’ என்ற புகாருக்குக் காலிஃப்ளவர் பொறுப்பல்ல. 100 கிராமுக்கு 25 கலோரியும் 2 கிராம் புரதமும்தான் அதில் இருக்கிறது. கூட இரண்டு முட்டையோ, 150 கிராம் மீனோ, 100 கிராம் பனீரோ இல்லாமல் எழுந்தால் வயிறு கேட்கத்தான் செய்யும். இன்னொன்று, இன்சுலினோ சர்க்கரைக்கான மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். மருந்தின் அளவை டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

முட்டைகோஸுக்கு உரிய வேளை ராத்திரி டிபன். சோறாக நடிக்க வைக்காமல் பரோட்டாவின் இடத்தில் வைத்தால் அதை அடிக்க ஆள் இல்லை. 300 கிராம் முட்டைகோஸைக் கத்தியால் 2 மில்லிமீட்டர் கீற்றாக நீளவாக்கில் அரியுங்கள். மிக்ஸி இங்கே கூடாது, சாறுதான் மிஞ்சும். காய்ந்த கல்லில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, முட்டைகோஸைப் போட்டு முழுத் தீயில் இரண்டு நிமிடம். கீற்று வளைய வேண்டும், தொளதொளக்கக் கூடாது. ஓரமாக ஒதுக்கி மூன்று முட்டை உடைத்து ஊற்றி, முட்டையின் மேலேயே உப்பையும் மிளகையும் போட்டு, பாதி வெந்ததும் சேர்த்துக் கொத்துங்கள். விட்ட நீரை முட்டை பிடித்துக்கொள்ளும். இனிப்பும் இங்கே குறையாகத் தெரியாது, கொத்து பரோட்டாவில் வெங்காயம் செய்யும் வேலையை அது செய்துவிடும். மேலே இரண்டு கரண்டி சால்னா. பொட்டுக்கடலைக்குப் பதில் வேர்க்கடலையும் தேங்காயும் அரைத்தது.

கொன்ஜாக் அரிசியைப் பற்றி நிறைய சொல்வதற்கில்லை. கைப்பழக்கம் குறைவு, சில பாக்கெட்டுகளை வைத்துச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீரணமாகும் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை என்பது அதன் பலம். பாக்கெட்டைத் திறந்ததும் மீன் வாடை போல ஒன்று அடிக்கும். அது பதப்படுத்தச் சேர்க்கும் சுண்ணாம்பு நீரால் வருவது, கெட்டுப்போனதல்ல. மூன்று தண்ணீரில் அலசி, எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் ஐந்தாறு நிமிடம், கரண்டி பட்டால் கிறீச்சிடும் வரை வறட்டினால் வாடை போகும். ரப்பர் தன்மை முழுதாகப் போவதில்லை. பயணத்துக்கும் அவசரத்துக்கும் அலமாரியில் இரண்டு பாக்கெட் இருக்கட்டும், தினசரிக்கு விலை கட்டாது.

காலிஃப்ளவர் மலிவாகக் கிடைக்கும்போது நான்கு பூவாக வாங்கி ஒரே நாளில் துருவி வைக்கலாம். ஃப்ரிட்ஜில் துணி விரித்த டப்பாவில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் கந்தக வாடை அடிக்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் 250 கிராம் வீதம் தட்டையான பைகளில் போட்டு வையுங்கள். எடுத்ததும் உருக விடாமல் கைகளால் உதிர்த்து, நேராகக் காய்ந்த வாணலியில் கொட்டுங்கள். உருக விட்டால் ஐஸ் கிழித்த செல்களிலிருந்து தண்ணீர் ஓடும். அப்படிப்பட்ட துருவல் சோற்றுக்கு ஆகாது. துணியில் பிழிந்து, இரண்டு முட்டையும் மிளகும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டிவிடலாம்.