லீசெஸ்: எதிராளியின் கடிகாரத்தில் 15 விநாடி

"பிள்ளை லீசெஸில் ஆடட்டும்" என்று நான் சொன்னதும் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பணம் எவ்வளவு கட்ட வேண்டும்? ஆட்டம் முன்னேறுமா? பணம் ஒரு பைசாகூட வேண்டாம். 2010-இல் திபோ டுப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய இணையச் செஸ் தளம் இது. இன்று லாப நோக்கமில்லாத சங்கமாக, நன்கொடையில் நடக்கிறது. விளம்பரம் கிடையாது. நன்கொடை தருபவரின் பெயருக்குப் பக்கத்தில் சிறகு போன்ற சிறிய அடையாளம் ஒன்று வரும். மற்றபடி தந்தவருக்கும் தராதவருக்கும் ஒரே வசதிகள்தான். ஆட்டம் முன்னேறுமா என்றால், முடிந்த ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் அலசித் தருவதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு நிச்சயம் முன்னேறும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. முகம் தெரியாத எதிராளியிடம் எப்படி நடந்துகொள்ள என் பிள்ளை அங்கே பழகும்? கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் கணிதம் நடத்திக்கொண்டு, மாலையில் செஸ் மன்றத்தையும் கவனித்துக்கொள்ளும் எனக்கு அதுதான் முதல் கேள்வி. இரவில் நானும் ஆடுகிறேன். ஆட்ட வலிமையைக் காட்டும் எண்ணான என் ரேட்டிங் 1600-ஐ ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். புதிர்கள், பாடங்கள், நேரடி ஒளிபரப்புகள் பற்றி வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எதிராளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொத்தான். ஆட்டத்தின் நடுவே எதிராளியின் கடிகாரத்துக்கு அருகில் சிறிய கூட்டல் குறி ஒன்று தெரியும். அதை அழுத்தினால் அவருக்கு 15 விநாடி கூடும். நம் கடிகாரம் அப்படியே இருக்கும். அழுத்தியவருக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. நெருக்கடியான ஆட்டத்தில் நஷ்டம்தான். இப்படி ஒரு பொத்தானை ஒருவர் யோசித்து, நிரல் எழுதி, பலகைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார் என்பதே இந்தத் தளத்தின் மீது எனக்கு மதிப்பை வரவழைத்தது.

இதை எப்போது அழுத்துவது? "ஒரு நிமிடம், வாசலில் ஆள் வந்திருக்கிறார்" என்று எதிராளி அரட்டையில் எழுதும்போது. அவருடைய இணைப்பு விட்டுவிட்டு வருவது தெரியும்போது. எனக்கும் ஒருவர் அழுத்தியிருக்கிறார். யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம். கைபேசியின் இணையம் தடுமாறி, திரும்பி வந்தபோது என்னிடம் சில விநாடிகளே இருந்தன. பெயருக்குப் பக்கத்தில் இந்தோனேசியக் கொடி வைத்திருந்த அந்த மனிதர் தன் காயை நகர்த்துவதற்கு முன்னால் கூட்டல் குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். என் கடிகாரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு முறையாக ஆடி என்னைத் தோற்கடித்தார். அந்தத் தோல்வியில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. டோர்னமெண்ட் ஆட்டங்களில் இந்தப் பொத்தான் வராது. அதுவும் சரிதான், அங்கே ஒருவருக்குக் கொடுக்கும் சலுகை மூன்றாவது ஒருவரின் இடத்தைப் பாதிக்கும்.

அடுத்தது, எதிராளி காணாமல் போகும் நேரம். இணைப்பு அறுந்தாலோ பக்கத்தை மூடிவிட்டாலோ தளம் சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கும். பிறகு நம்மிடம் கேட்கும்: வெற்றியை எடுத்துக்கொள்கிறீர்களா, டிரா என்று முடிக்கிறீர்களா, இன்னும் காத்திருக்கிறீர்களா? டிரா என்ற அந்த நடுவழி எனக்கு மிகவும் பிடித்தது. ராணி ஒன்று கூடுதலாக வைத்திருந்தால் வெற்றியை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. சரிசமமாக நிற்கும் ஆட்டத்தில், எதிராளியின் ஊரில் கரண்ட் போனதற்கு நான் எதற்கு முழுப் புள்ளி வாங்க வேண்டும்? மன்றத்துப் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பலகையைப் பார். நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய் என்று உன்னால் எனக்குக் காட்ட முடிந்தால் வெற்றியை அழுத்து. முடியாவிட்டால் டிராவை அழுத்து.

பெரிய ஆட்டக்காரர்களும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில் இணையத்தில் நடந்த செசபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில் அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனும் சீனாவின் டிங் லிரெனும் மோதினார்கள். டிரா ஆக வேண்டிய நிலையில் டிங்கின் இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து, அவர் தோற்றதாக முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் தொடக்கத்திலேயே தன் ராணியை வேண்டுமென்றே பலி கொடுத்துவிட்டு, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பரிசுப் பணம் உள்ள போட்டி அது. அந்த ஆட்டம் ஒரு சில நகர்த்தல்கள்தான். பிள்ளைகளுக்கு அதைப் பலகையில் போட்டுக் காட்டுவேன். ஏன் இப்படி ஆடினார் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த இணையச் செஸ் ஒலிம்பியாட் இன்னும் சிக்கலானது. அதை முழுவதும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் மார்ட்டிரோஸியனின் இணைப்பு நிஹால் சரினுடன் ஆடிக்கொண்டிருந்தபோது அறுந்தது. ஆர்மீனியா முறையிட்டது, முறையீடு தள்ளுபடியானது, அந்த அணி அடுத்த சுற்றை ஆட மறுத்து வெளியேறியது. இறுதிப் போட்டியில் ரஷ்யாவுடன் ஆடும்போது அதே நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போனது. இப்போது இந்தியா முறையிட்டது. உலகச் செஸ் கூட்டமைப்பின் தலைவர் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். விதித் குஜராத்தி தலைமையில் ஆனந்தும் ஆடிய அணி. எல்லோரும் கொண்டாடினோம், நானும் கொண்டாடினேன். ஆனால் தங்கத்தைச் சொல்லும் போதெல்லாம் ஆர்மீனியாவையும் சேர்த்தே சொல்கிறேன். நமக்கு இணைப்பு அறுந்தபோது கிடைத்த கருணை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி வாய்ச் சொல்லுக்கு வருகிறேன். லீசெஸின் அரட்டைப் பெட்டிக்குக் கீழே தயாராகச் சில வாழ்த்துகள் இருக்கும். தொடக்கத்தில் வணக்கம், நல்வாழ்த்து போன்றவை. முடிந்ததும் நல்ல ஆட்டம், நன்றாக ஆடினீர்கள், நன்றி, போய்வருகிறேன். ஒரு தட்டில் போய்விடும். இதோடு, தோற்றாலோ டிரா ஆனாலோ "நல்ல ஆட்டம், நன்றாக ஆடினீர்கள்" என்று தானாகவே அனுப்பும் வசதியையும் விருப்பத்தேர்வுகளில் வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், ஜெயித்தால் தானாகப் போகாது. ஜெயித்தவர் முந்திக்கொண்டு "நல்ல ஆட்டம்" என்றால் தோற்றவர் காதில் அது குத்தலாக விழக்கூடும். முதலில் சொல்லும் உரிமை தோற்றவருடையது. இதை வடிவமைத்தவர்களுக்கு ஆட்டத்தின் மனது தெரிந்திருக்கிறது.

ஆனாலும் அந்தத் தானியங்கி வாழ்த்தை என் கணக்கில் நான் இயக்கவில்லை, பிள்ளைகளையும் இயக்கவிடுவதில்லை. தோற்ற கையோடு விரலை நகர்த்தி, அந்தச் சொல்லைத் தானே அழுத்துவதற்கு ஒரு சிறு முயற்சி வேண்டும். அந்த முயற்சிதான் எனக்கு வேண்டியது.

சிறுவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கணக்கில் சிறுவர் முறையை இயக்கினால் அரட்டை, தனிச் செய்தி எல்லாம் மறைந்துவிடும். தளத்தின் பெயருக்கு அருகில் சிரித்த முகம் ஒன்று தோன்றும். ஆசிரியர்கள் வகுப்பு ஒன்றை உருவாக்கி, மாணவர் கணக்குகளைத் தாங்களே தொடங்கித் தரலாம். எங்கள் மன்றத்தில் எல்லாக் கணக்குகளும் அப்படித்தான். முன்பு பிள்ளைகள் ஆடிய வேறொரு செயலியில், தவறான நகர்த்தலுக்கு எதிராளி சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்புவார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதனால் ஒரு வாரம் பலகைப் பக்கமே வரவில்லை. சிறுவர் முறையில் அந்தத் தொல்லை இல்லை.

அதில் ஓர் இழப்பும் உண்டு. வசவு வராத அதே கதவு வழியாக "நன்றாக ஆடினாய்" என்பதும் வராது. அப்போது மிஞ்சுவது செயல் மட்டும்: 15 விநாடி, டிரா, மறு ஆட்டத்துக்கு அழைப்பு, தோற்கும் நிலையில் கடிகாரத்தை ஓடவிடாமல் ஆடுவது. எங்கள் பிள்ளைகள் இந்தச் செயல்களிலேயே ஒருவரை ஒருவர் எடைபோடக் கற்றுக்கொண்டார்கள். "அந்த அண்ணன் நல்லவர் மிஸ், நான் டைம் கேட்காமலே கொடுத்தார்" என்று ஒருவன் சொன்னான். அந்த அண்ணன் எந்த நாடு, என்ன வயது என்று அவனுக்குத் தெரியாது.

கெட்ட நடத்தை எந்தத் தளத்தில் ஆடினாலும் இருக்கிறது. மோசமானது, தோல்வி தெரிந்ததும் நகர்த்தாமல் எழுந்து போய்விடுவது. பத்து நிமிட ஆட்டத்தில் ஆறு நிமிடம் மிச்சமிருந்தால் ஆறு நிமிடமும் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். லீசெஸ் இதைக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்பச் செய்பவரைச் சில காலம் புதிய ஆட்டம் தொடங்க விடாமல் தடுக்கிறது. தொடங்கிய ஆட்டங்களை அடிக்கடி ரத்து செய்பவருக்கும் அதே தண்டனை. கணினி உதவியுடன் ஏமாற்றியவர் பிடிபட்டால், அண்மை ஆட்டங்களில் அவரிடம் நீங்கள் இழந்த ரேட்டிங் புள்ளிகள் பெரும்பாலும் உங்களிடம் திரும்பி வரும்.

நகர்த்தலைத் திரும்பப் பெற அனுமதி கேட்பது வேறு வகை. பலகையில் நேராக ஆடும்போது தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். அது கைக்குரிய விதி. கைபேசித் திரையில் விரல் வழுக்கி ராணி பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் அது யாருடைய எண்ணமும் இல்லை. அதற்கு நான் அனுமதி தந்துவிடுவேன். யோசித்து ஆடிய நகர்த்தல் பிழையாகிவிட்டது என்று கேட்டால் தரமாட்டேன். ஒரு முறைக்கு மேல் கேட்பவரிடம் பதிலும் சொல்ல மாட்டேன். விருப்பத்தேர்வில் இந்தக் கோரிக்கையை முழுவதும் நிறுத்தலாம், ரேட்டிங் இல்லாத ஆட்டங்களில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இரண்டாவதே நல்லது.

தோற்கும் ஆட்டத்தைக் கடைசி வரை ஆடுவது அவமரியாதை என்று சிலர் கோபப்படுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆரம்ப நிலையில் ஆடும் பிள்ளை செக்மேட் வரை ஆடட்டும். எதிராளி தவறு செய்து ஆட்டம் டிராவாக முடிவதும் செஸ்தான். ஒரே நகர்த்தலில் முடிக்கக்கூடியவர் முடிக்காமல் மூன்று, நான்கு ராணிகளை உண்டாக்கிக்கொண்டு போவதுதான் அவமரியாதை. அதை எங்கள் மன்றத்தில் அனுமதிப்பதில்லை.

சண்டைகளில் பாதியைக் குறைக்க ஒரே ஒரு யோசனை சொல்வேன். ஆட்ட வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கூட்டல் குறிக்குப் பிறகு பூஜ்யம் இருப்பதை விட்டுவிடுங்கள். 10+0 வேண்டாம், 10+5 எடுங்கள். பிள்ளைகளுக்கு 15+10 இன்னும் மேல். முதல் எண் தொடக்கத்தில் கிடைக்கும் நிமிடங்கள்; இரண்டாவது எண்ணின்படி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி சேர்ந்துகொண்டே போகும். யானைக்கு யானை மட்டும் நிற்கும் பலகையில், கடிகாரம் தீரட்டும் என்று காயை அங்குமிங்கும் தள்ளி ஜெயிக்கும் ஆட்டம் அதில் செல்லாது. அப்படி ஜெயிப்பது விதிப்படி சரி. ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு எதிராளி மறு ஆட்டத்துக்கு வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

நேருக்கு நேர் ஆடும் செஸ்ஸில் கைகுலுக்கல் மரபு. 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸேயில் பல்கேரியாவின் செபரினோவ், இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட் நீட்டிய கையைக் குலுக்க மறுத்தார். ஆட்டம் ஷார்ட்டுக்கு என்று நடுவர் அறிவித்தார். முறையீட்டுக்குப் பிறகு மீண்டும் ஆடவைத்தார்கள், ஷார்ட் ஜெயித்தார். அங்கே மரியாதையைக் காக்க நடுவர் இருக்கிறார், விதி இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு என் கைபேசியில் நடக்கும் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. அங்கேயும் ஒருவர் கூட்டல் குறியை அழுத்துகிறார் என்றால் அது முழுக்க அவருடையது. அதற்கு இடம் வைத்துத் தந்ததற்காகவே இந்தத் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க இருக்கிறது. தயாரான வாழ்த்துகளின் பட்டியலில், இணைப்பு போய்த் திரும்பி வந்தவர் அனுப்ப ஒரு வரி சேர்க்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் தட்டச்சு செய்து விளக்க முடியாது; எதிராளியோ நாம் கோபித்துக்கொண்டு எழுந்துபோனோம் என்றே நினைத்திருப்பார். லீசெஸின் நிரல் முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. தமிழ் உட்பட அதன் மொழிபெயர்ப்புகளைத் தன்னார்வலர்களே செய்கிறார்கள். மன்றத்தில் ஆடி, இப்போது பொறியியல் படிக்கும் மாணவன் ஒருவன் இதை யோசனையாக எழுதி அனுப்பத் தயாராகிறான். தமிழ் வரியை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "இணைப்பு போய்விட்டது, மன்னிக்கவும். தொடர்வோமா?"