வீட்டில் பைக் வேலை பார்க்கும் நண்பர்களே, என் 1,850 வெள்ளி போன விதத்தைக் கேளுங்கள்

நேற்று மாலை ஏழு மணி வரை அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் 'சரி, போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிடுவோம் என்ற தைரியத்தில்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள். போனது 1,850 சிங்கப்பூர் வெள்ளி. அதோடு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற, என் வண்டியின் சொந்தக் கார்புரேட்டர் இரண்டும்.

கடைப் பெயரை எழுதப் போவதில்லை. பழைய பொருள் விற்கும் செயலியில் விளம்பரம் போடுகிற, வடக்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் மேல்மாடியில் இருக்கிற சின்ன பைக் ஒர்க்‌ஷாப். இவ்வளவு போதும்.

வண்டி யமஹா டிராக்ஸ்டார் 400. வி வடிவில் இரண்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். 400 சிசி வரை ஓட்டலாம் என்கிற 2ஏ உரிமம் எடுத்த நாளிலிருந்து இந்த வண்டி மேல் ஒரு கண். புது வண்டியை நினைத்தும் பார்க்க முடியாது. 2022ல் மோட்டார் சைக்கிளுக்கான சீஓஈ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) மட்டுமே 12,000 வெள்ளியைத் தாண்டியபோதே அந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டேன். சீஓஈ ஒருமுறை புதுப்பித்த பழைய வண்டியாகப் பார்த்து 7,200 வெள்ளிக்கு எடுத்தேன். ஹேண்டில்பாரை நானே மாற்றினேன். சீட்டுக்கு நானே தோல் போட்டேன். மச்சான் வந்து டேங்க்கைத் தேய்த்துக் கொடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

எனக்குத் தலைவலியாக இருந்தது முந்தைய சொந்தக்காரர் செய்து வைத்திருந்த வேலை. உள்ளே தடுப்பே இல்லாத சைலன்சர், கூம்பு மாதிரி ஏர் ஃபில்டர். காற்று தாராளமாகப் போகிறது, அதற்கேற்ற பெட்ரோல் போகவில்லை. த்ராட்டிலை விட்டதும் பட் பட் என்று வெடிக்கும். புளோக்கில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) முகம் சுளிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

அதனால் ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்து இரண்டு கார்பையும் பிரித்தேன். சன்னல் எல்லாம் திறந்து வைத்து, ஸ்ப்ரே அடித்து, ஒவ்வொரு ஜெட்டையும் (பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள திருகு) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கழுவினேன். ஜெட் தலையில் பொறித்திருந்த எண்களை மகளின் பழைய பயிற்சி நோட்டில் எழுதி வைத்தேன். எது முன் சிலிண்டருடையது, எது பின் சிலிண்டருடையது என்று மாறிவிடக் கூடாது என்பதற்காக கார்புக்குக் கீழே பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் அடியில் ஆணியால் ஒன்றில் 'மு', இன்னொன்றில் 'பி' என்று கீறினேன். கைப்பேசியில் படமும் எடுத்தேன். அந்தப் படம் இருப்பதால்தான் இன்று இதை எழுதவே முடிகிறது.

சுத்தம் செய்தாயிற்று. ஆனால் இரண்டு கார்பும் ஒரே அளவாக இழுக்கும்படி சரிக்கட்ட வேக்குவம் கேஜ் வேண்டும். ஜெட் அளவு கூட்ட வேண்டும். அதற்கு மேல், வருடாந்தரப் பரிசோதனைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. மூன்று வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு வருடா வருடம் பரிசோதனை. அதில் தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. அந்த ஓட்டை சைலன்சரோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் உள்ள சைலன்சர் கட்டாயம் வேண்டும். இந்த அவசரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், நம்மவர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். விளக்கடியில் பிடித்து, விரலால் திருப்பி, "தம்பி, இங்க பாருங்க, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு. காத்து ஏறுது, பெட்ரோல் பத்தல. இப்படியே ஓட்டினா பிஸ்டன் போயிரும்" என்றார்.

அந்த நிமிடம்தான். அவர் சொன்னது சரி. நான் புத்தகத்தில் படித்து, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை அந்த மனிதர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். கைவிரலில் நகத்துக்குள் எண்ணெய். தொழில் தெரிந்த கை. "நீங்களே கழட்டிக் கழுவினீங்களா? சுத்தமா இருக்கே. இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாக்குறா" என்று முதுகில் தட்டினார். கோப்பிக்கடையிலிருந்து தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். நான் "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தேன். தெரியாதவனிடம் ஏமாறவில்லை நான். தொழில் நன்றாகத் தெரிந்தவனிடம் ஏமாந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒப்புதல் தாளோடு சைலன்சர் 1,050. கார்ப் இரண்டுக்கும் புது டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு), புது ஜெட், இரண்டையும் சரிக்கட்டும் சிங்க் எல்லாம் சேர்த்து 800. மொத்தம் 1,850 வெள்ளி. "சாமான் ஜப்பான்ல இருந்து வரணும் தம்பி, முழுசாக் கட்டிட்டீங்கன்னா இன்னிக்கே ஆர்டர் போட்டுருவேன்." அங்கேயே கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் அனுப்பினேன். திரையில் கடைப் பெயர் வரவில்லை, ஓர் ஆளின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்தும் அழுத்தினேன்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் வாரம், "கப்பல்ல வருது." இரண்டாவது வாரம், "பெருநாள் லீவு தம்பி." மூன்றாவது வாரம் செய்திக்கு நீலக் குறி விழும், பதில் வராது. நான்காவது வாரம் என் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்கு நேரே அங்கே போய் நின்றேன். பூட்டியிருந்தது. பத்தரைக்கு ஒரு பையன் வந்து திறந்தான். "அவரு மலேசியா போயிருக்காரு." அன்று மாலையே அதே செயலியில் அவருடைய புது விளம்பரம்.

ஐந்தாவது வாரக் கடைசியில் வண்டி தயார் என்று செய்தி. ஓடினேன். ஸ்டார்ட் ஆனது, சத்தமும் குறைவு. மனசு குளிர்ந்துவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை சிக்னலில் நின்றுபோனது. மூன்றாவது முறை மண்டாய் சாலையில், மழையில், பின்னால் லாரி ஹார்ன் அடிக்க.

பரிசோதனைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அந்த ஒப்புதல் தாளை ஒரு தடவைதான் பார்த்தார். தாளில் எழுதியிருந்த மாடல் வேறு. என் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தேறவில்லை.

வீட்டுக்கு வந்து அதே மேசையில் கார்பைப் பிரித்தேன். ஃப்ளோட் பவுலைத் திருப்பினால் 'மு' இல்லை. மற்றதைத் திருப்பினேன். 'பி' இல்லை. யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றிய பழைய ஜோடி அது. பவுலுக்குள் பச்சையாகப் படிந்த அழுக்கு, ஒரு டயஃப்ரத்தில் கிழிசல், அந்தக் கிழிசலில் ரப்பர் பசை. பசையின் மேல் ஓர் ஆளின் கைரேகை அப்படியே காய்ந்து பதிந்திருந்தது. ஜெட்டுகளில் என் நோட்டில் இருந்த எண்களும் இல்லை, அவர் பெரிதாகப் போடுகிறேன் என்று சொன்ன எண்களும் இல்லை. மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

இதற்கு மேல் 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை. தொலைபேசியில் அவன் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "நீதான் வீட்ல நோண்டினியே தம்பி. வீட்ல கைவச்ச வண்டிக்கு யாரும் வாரண்டி குடுக்க மாட்டாங்க." அன்றைக்கு எதைச் சொல்லி முதுகில் தட்டினானோ, அதையே சொல்லி என்னைத் தள்ளிவிட்டான். அப்போது 'நீங்க', இப்போது 'நீ'.

நேற்று நேரில் போனேன். அவன் இல்லை. கடைக்காரர் என்று சொல்லிக்கொண்ட வேறொருவர், "அவன் எங்க ஆளே இல்ல. ஒரு மூலைய வாடகைக்கு எடுத்திருந்தான், போயிட்டான். காசு எங்க கணக்குக்கு வந்துச்சா? காட்டுங்க பாப்போம்" என்றார். காட்ட முடியவில்லை. அந்தப் பேநவ் திரையில் இருந்தது தனி ஆளின் பெயர். ரசீது என்று என்னிடம் இருப்பது அவன் கைப்பட '1850 முழுதும் பெற்றேன்' என்று எழுதிய துண்டுத்தாள். கடை முத்திரை இல்லை. வாசலிலேயே ஏழு மணி வரை நின்றேன். ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள்.

எச்சரிக்கை என்று விரிவாக எழுத நினைத்தேன், இன்றைக்கு என்னால் முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். பணம் கட்டும் முன் பெறுபவர் பெயர் கடையின் பதிவுப் பெயர்தானா என்று பாருங்கள். ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். முழுத் தொகையை முன்னாலேயே கட்டாதீர்கள். வீட்டில் நீங்கள் கை வைத்த பாகத்தைக் கொடுக்கும்போது ஜெட் எண், டயஃப்ரம் நிலை எல்லாம் எழுதி, படம் எடுத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். 'வீட்டில் நோண்டியது' என்ற பேச்சுக்கே இடம் வைக்காதீர்கள். சைலன்சர் வாங்கினால் தாளில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறதா என்று கடையிலேயே படியுங்கள். ஒப்புதல் இல்லாத சைலன்சருக்கு வண்டிக்காரரும் மாட்டிக்கொள்வார்.

கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் 2012 முதல் இங்கே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பழைய பொருளுக்கும் அது உண்டு. ஆனால் தனி ஆளிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. அந்த ஓட்டையில்தான் இருவரும் நுழைந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இன்றே விண்ணப்பம் போடுகிறேன். பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதுகிறேன்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து செய்தி. "தம்பி, பேசித் தீத்துக்கலாம். 200 தரேன்." என் பணம் 1,850.

ஒரே ஓர் உதவி கேட்கிறேன். டிராக்ஸ்டார் 400 கார்ப் ஜோடி எங்காவது விற்பனைக்கு வந்தால், ஃப்ளோட் பவுலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஆணியால் 'மு', 'பி' என்று கீறியிருந்தால் வாங்கிவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.