நெமா 23 குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் கிட், 7 மாசம் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்

கோவை கணபதி பக்கம் சின்ன பட்டறைங்க நமக்கு, 3 ஆக்சிஸ் சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மூணு திசைல நகர்ந்து வெட்டற மெஷின்) ஒண்ணு ஓடுது. முன்னாடி இருந்தது ஓபன் லூப் ஸ்டெப்பர் (ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சின்ன ஸ்டெப் திரும்பற மோட்டார்), அதாவது கன்ட்ரோலர் பல்ஸ் அனுப்பும், மோட்டார் திரும்புச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, கட்டர் அலுமினியத்துல மாட்டி ஸ்டெப் மிஸ் ஆச்சுன்னா அதுக்கப்புறம் வெட்டுறது எல்லாம் தள்ளியே போகும், நாலு மணி நேர வேலை கடைசில குப்பைக்குப் போயிருக்கு.

இந்த கிட்ல மோட்டார் பின்னாடியே என்கோடர், அதாவது எவ்ளோ திரும்புச்சுன்னு சொல்ற சென்சார் இருக்கு. டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டற பெட்டி) அதைப் பாத்து பின்தங்கினா இழுத்துப் பிடிக்குது, முடியலன்னா ஃபாலோயிங் எரர்னு அலாரம் அடிச்சு நின்னுடுது. இந்த 7 மாசத்துல ஸ்டெப் மிஸ் ஒண்ணுகூட இல்ல. சூடும் கம்மி, லோடுக்குத் தக்க கரண்ட் எடுக்குது.

ஆனா விளம்பரத்துல "அக்யூரசி 0.00125 மி.மீ"ன்னு போட்டிருக்காங்க, அது தப்பு, நம்பி வாங்காதீங்க. ஒரு சுத்துக்கு 4000 பல்ஸ், நம்ம பால் ஸ்க்ரூ (டேபிளை நகர்த்தற திருகு) ஒரு சுத்துக்கு 5 மி.மீ போகும், 5-ஐ 4000-ல வகுத்தா வர்ற நம்பர்தான் அது. அதுக்குப் பேரு ரெசொல்யூஷன், எவ்ளோ பொடிசா நகரச் சொல்லலாம்ங்கறது மட்டும்தான். சொன்ன இடத்துக்கு நிஜமா போய் நிக்குதாங்கறதுதான் அக்யூரசி, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருதாங்கறது ரிப்பீட்டபிலிட்டி, மூணும் வேற வேற. டயல் கேஜ் (நுணுக்கமா அளக்கற முள் கருவி) வச்சுப் பாத்தேன், ஒரே பக்கத்துலருந்து வந்தா 0.01 மி.மீ-க்குள்ள வந்து நிக்குது, திசை மாத்தினா 0.04 மி.மீ விடுது. அது ஸ்க்ரூ நட்டுல இருக்கற பேக்லாஷ், அதாவது லூசு. என்கோடர் மோட்டார் ஷாஃப்ட்டைத்தான் பாக்குது, டேபிளைப் பாக்கலியே, அப்புறம் எப்படி அதைச் சரி பண்ணும்? நட்டு மாத்தணும், இல்ல கன்ட்ரோலர்ல பேக்லாஷ் காம்பன்சேஷன் போடணும்.

இன்னொண்ணு, நெமா 23ங்கறது முன் பிளேட்டோட சைஸ்தான், ஏறக்குறைய 57 மி.மீ சதுரம், டார்க் (மோட்டார் திருப்பற பலம்) எவ்ளோன்னு அதுல தெரியாது. எந்த ஸ்பீடுல எவ்ளோ டார்க்னு காட்டற டார்க் கர்வ் கேட்டு வாங்குங்க, ஸ்டெப்பருக்கு ஸ்பீடு ஏற ஏற டார்க் விழும். 36 வோல்ட்ல வேகமா ஓட்டறப்ப திணறுச்சு, 48 போட்டதும் நல்லா மாறிடுச்சு (டிரைவர் எவ்ளோ தாங்கும்னு பாத்துட்டுப் போடுங்க).

எனக்குக் கோவம் மேனுவல் மேலதான். அலாரம் வயரை கன்ட்ரோலருக்குக் கொடுக்கணும்னு ஒரு வரி இல்ல. நானும் கொடுக்காம விட்டேன், எக்ஸ் ஆக்சிஸ் அலாரம் அடிச்சு நின்னுபோச்சு, ஒய்யும் இசட்டும் பாட்டுக்கு ஓடி ஒரு பிளேட்டே போச்சு. வித்தவர்கிட்ட கேட்டா ரெண்டு நாள் கழிச்சு வயரிங் படம் அனுப்பினார். மூணு டிரைவரோட அலாரத்தையும் கன்ட்ரோலர்ல கொடுத்துட்டு அப்புறமா முதல் ஜாப் போடுங்க. என்கோடர் இன்க்ரிமென்டல்தான், அதாவது கரண்ட் போனா இருந்த இடம் மறந்துடும், அதனால கரண்ட் போய் வந்தா ஹோமிங் (ஆரம்ப இடத்துக்குக் கொண்டு போறது) பண்ணியே ஆகணும்.

5-க்கு 4 கொடுப்பேன், அந்த 1 மேனுவலுக்கும் விளம்பரத்துக்கும் கழிச்சது.