அம்மாவின் நினைவு மலர்: யாழ்ப்பாண அச்சகம் ஒன்றின் சேவை பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் கிரியைக்கு வருவோரிடம் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும், கல்வெட்டு என்று அழைக்கப்படும் நினைவு மலர் ஒன்றைக் கொடுத்தனுப்புவது வழக்கம். 2025 ஜனவரி 9ஆம் திகதி, 86 வயதில் எங்கள் அம்மா காலமானபோது, அந்தக் கல்வெட்டை நல்லூர்ப் பக்கமுள்ள ஒரு சிறிய அச்சகத்திடம் ஒப்படைத்தோம். அவர் 5 பிள்ளைகளுக்குத் தாய். 11 பேரப்பிள்ளைகளுக்கு அம்மம்மாவும் அப்பம்மாவும். எங்களைப் போல் துயரத்தின் நடுவே அச்சகம் தேடுவோருக்குப் பயன்படும் என்பதால் நிறையையும் குறையையும் இங்கே எழுதுகிறேன்.

பல அச்சகங்களில் ஒரு மாதிரிப் புத்தகத்தைக் காட்டி, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஏற்கெனவே இருக்கும் பாடல்களில் பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுகிறார்கள். பெயரை மறைத்துவிட்டால் எந்த வீட்டுக் கல்வெட்டு என்று யாருக்கும் தெரியாது. இந்த அச்சகத்தில் வாழ்க்கை வரலாறு எழுதும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, அம்மா எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், தோட்டத்தில் எந்தப் போகத்துக்கு என்ன வைத்தார், அவசரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்கினார் என்று மாலை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளாகிய நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லியிராத பல சங்கதிகள் அன்று வெளியே வந்தன.

அதனால்தான் அந்த வரலாற்றில் எங்கள் அம்மா அப்படியே இருக்கிறார். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம் நட்டு மூன்று பெண்பிள்ளைகளைப் படிப்பித்தது, துலா மிதித்து இறைத்த காலம் போய் நீர்ப்பம்பி வாங்குவதற்காகத் தாலிக்கொடி தவிர்ந்த ஒரே சங்கிலியை அடகு வைத்தது, அது பிறகு மீளவே மீளாதது, பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது எல்லாம் நாட்களோடும் இடங்களோடும் பதிவாகியுள்ளன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் இருந்த தகரப் பெட்டியை மட்டும் அவர் கைவிடவில்லை. அந்தப் பகுதியை முதியவர் வீண் அலங்காரம் எதுவும் சேர்க்காமல் ஐந்தாறு வரிகளில் எழுதியிருக்கிறார். அதற்காகவே இந்த அச்சகத்தைப் பரிந்துரைப்பேன்.

முகப்புப் படம் வேறு கதை. 1996இல் வீடு திரும்பியபோது எங்கள் அல்பங்கள் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நடுவயது அம்மாவுக்கு எஞ்சியிருப்பது தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டோம். முதலில் வந்த பிரதியில் தோலை வெளுப்பாக்கி, நெற்றிக் கோடுகளை அழித்து, பட்டுச் சேலை உடுத்தி, கழுத்தில் கனமான சங்கிலி ஒன்றையும் போட்டிருந்தார்கள். சங்கிலியை அடகு வைத்த பெண்ணின் வரலாறு உள்ளே இருக்க, முகப்பில் அவருக்குச் சங்கிலி போட எப்படி மனம் வந்தது என்று என் தங்கை அழுதேவிட்டாள். சொன்னவுடன் மறுப்பின்றி மாற்றித் தந்தார்கள். பருத்திச் சேலையும் திருநீற்றுக் குறியும் திரும்பி வந்தன. ஆனாலும் அந்தத் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் அறவிட்டது முறையல்ல. படத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே குடும்பத்திடம் கேட்பது அவர்கள் கடமை.

அம்மா காலமான திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரோதி வருஷம், மார்கழி மாதம், பூர்வபக்கத் தசமி என்ற விபரங்களை வாக்கிய பஞ்சாங்கத்தோடும் திருக்கணிதத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே யாத்தார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் திவசத்துக்கு நாள் பார்ப்பது இந்த நான்கு வரிகளைக் கொண்டுதான் என்பதால், இதில் கவனம் மிக அவசியம். பஞ்சபுராணமும் சிவபுராணமும் பெரிய எழுத்தில், சந்தி பிரித்து அச்சாகியிருப்பதால் பேரப்பிள்ளைகளும் தடுமாறாமல் ஓதினார்கள்.

பேரப்பிள்ளைகள் பகுதிக்கு இரங்கற் கவிதை வேண்டாம், அம்மம்மாவிடம் கற்ற ஒன்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் அந்த முதியவரே. ரொறன்ரோவில் இருக்கும் பேத்தி ஆடிக்கூழ் செய்முறையை அனுப்பினாள்: வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, அரிசிமாவைச் சில்லுச் சில்லாகத் தட்டிப் போடும் பக்குவம், இறக்கும்போது தூவும் மிளகும் சீரகமும். அம்மா தொலைபேசியில் சொன்னபடியே, “பனங்கட்டியைக் கரைச்சு வடி பிள்ளை, மண் இருக்கும்” என்ற எச்சரிக்கையோடு அது அச்சாகியிருக்கிறது. வந்தவர்களில் பலர் முதலில் விரித்த பக்கம் அதுதான்.

48 பக்கங்கள், 250 பிரதிகள், பிரதிக்கு 420 ரூபாய். தாளும் கட்டும் அந்த விலைக்குத் தகும். எங்கள் மனக்குறை வம்சாவளிப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் சரிபார்த்துக் கையொப்பமிட்ட படியில் இருந்த ஒரு மருமகனின் பெயர் இறுதி அச்சில் விடுபட்டுவிட்டது. 30ஆம் நாள் இரவுதான் கட்டுகள் வீடு வந்ததால் திருத்தச் சீட்டு ஒட்டவும் நேரம் இருக்கவில்லை. ஆகவே, அங்கே கொடுப்பவர்கள் 25ஆம் நாளுக்குள் பிரதிகளைத் தரும்படி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; வம்சாவளியை இறுதி அச்சுக்கு முதல் மீண்டும் ஒருமுறை நேரில் பாருங்கள்.

நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுக்கச் சொன்னதும் இந்த அச்சகத்தாரே. பெயர் விடுபட்ட பிரதியைக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. முதலாம் ஆண்டு நினைவான ஆட்டத்திவசத்துக்குத் திருத்திய பதிப்பைத் தங்கள் செலவிலேயே அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; நூலகத்துக்கு அதையே கொடுப்போம்.